விஎஃப்டி போட்ட பிறகு கெப்பாசிட்டர் ஏன் வெடிக்கிறது? ஹார்மோனிக்ஸ் ஃபில்டர் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் நண்டும் இறாலும் பதப்படுத்தும் ஆலை, அதை ஒட்டியே ஐஸ் பிளான்ட். ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு, 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். கரண்ட் பில்லைக் குறைக்க மூன்று அம்மோனியா கம்ப்ரசருக்கும் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் டிரைவ்) போட்டீர்கள், யூனிட்டும் குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு, பவர் ஃபேக்டரை (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கை) தானாகச் சரிசெய்யும் ஏபிஎஃப்சி பேனலில் உள்ள எட்டு 25 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் அளவைச் சொல்லும் அலகு) கெப்பாசிட்டர்களில் ஒன்று மாற்றி ஒன்று வீங்கி வெடிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிறது. போதாக்குறைக்கு, ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வந்து அலைவடிவத்தைக் கெடுக்கும் கரண்ட்) அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்று மின்வாரியத்திடமிருந்து நோட்டீஸ். ஒப்பந்தக்காரர் இன்னும் 100 கேவிஏஆர் கெப்பாசிட்டர் சேர்க்கச் சொல்கிறார். விற்பனையாளர் ஆக்டிவ் ஃபில்டர் போட்டால் எல்லாம் தீரும் என்கிறார். இரண்டில் எது சரி, இதற்கெல்லாம் கமுதியில் உள்ள பெரிய சோலார் மின்நிலையம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதை வாங்குவது என்று கேட்டாலும், உங்களுக்கு வந்திருப்பது இரண்டு தனித்தனி நோய்கள். கெப்பாசிட்டர் சாவது ஒன்று, வாரியத்தின் நோட்டீஸ் இன்னொன்று. வேர் ஒன்றுதான், மருந்து வேறு. தென் மாவட்ட ஆலைகளில் மின்தரம் அளந்து சரிசெய்யும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அவர்கள் சொன்ன இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். கெப்பாசிட்டர் சேர்ப்பது நிலைமையை மோசமாக்கும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஆக்டிவ் ஃபில்டர் கடைசியில் தேவைப்படலாம், ஆனால் இப்போது வாங்கினால் தேவையைவிட இரண்டு மடங்கு பெரியதை வாங்குவீர்கள்.

விஎஃப்டி கரண்ட் இழுக்கும் விதத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. சாதாரண டிரைவின் முகப்பில் ஆறு டயோடுகள் கொண்ட ரெக்டிஃபயர் இருக்கும். உள்ளே இருக்கும் டிசி கெப்பாசிட்டரை நிரப்ப, வோல்டேஜ் உச்சத்தைத் தொடும் நேரத்தில் மட்டும் அது வெடுக்கென்று கரண்டை உறிஞ்சும், மற்ற நேரம் சும்மா இருக்கும். இப்படித் துண்டு துண்டாக இழுக்கும் கரண்டைப் பிரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸோடு சேர்ந்து அதன் 5, 7, 11, 13 மடங்குகள் வரும்: 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ். ஐந்தாவதுதான் பெரியது, அடுத்து ஏழாவது. சோக் (கரண்டின் வேகமான ஏற்றத்தைத் தடுக்கும் சுருள்) இல்லாத டிரைவில் கரண்டின் மொத்த ஹார்மோனிக் அளவான டிஹெச்டி 80 சதவீதம் வரைகூடப் போகும். இது டிரைவின் கோளாறு கிடையாது, அது செய்யப்பட்ட விதமே அப்படி. புதிதாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

இந்த ஹார்மோனிக்ஸ் மட்டும் வந்திருந்தால் கெப்பாசிட்டர் இவ்வளவு சீக்கிரம் சாகாது. டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டர் பேங்கும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணில் ரெசனன்ஸ் ஆகும், அதாவது அந்த அலைவெண்ணில் வரும் கரண்ட் பல மடங்கு பெருகும். நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளம், தன் ஆட்டத்தோடு தாளம் ஒத்துப்போகும் சின்ன அலைக்கே கவிழ்கிற மாதிரி ஆடுவதைப் பாம்பனில் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான். இந்த அலைவெண் எங்கே விழுகிறது என்பதைக் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். டிரான்ஸ்ஃபார்மரின் கேவிஏவை அதன் இம்பிடன்ஸ் (கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு) சதவீதத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஷார்ட் சர்க்யூட் அளவு வரும். உங்களுடையது 500 கேவிஏ. பெயர்ப்பலகையில் 5 சதவீதம் என்று இருந்தால் 10,000 கேவிஏ. அதைக் கெப்பாசிட்டர் கேவிஏஆரால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். எட்டு ஸ்டெப்பும் (ஒரு ஸ்டெப் என்பது ஒரு கெப்பாசிட்டர்) உள்ளே இருக்கும்போது 200 கேவிஏஆர். 10,000ஐ 200ஆல் வகுத்தால் 50. அதன் வர்க்கமூலம் 7.07. அதாவது 353 ஹெர்ட்ஸ். டிரைவ் கொட்டும் ஏழாவது ஹார்மோனிக் 350 ஹெர்ட்ஸ். லோடு ஏறி எல்லா ஸ்டெப்பும் உள்ளே வந்ததும், நேராக அதன் மேலேயே போய் உட்காருகிறது உங்கள் பேங்க்.

இப்போது ஒப்பந்தக்காரர் சொன்ன 100 கேவிஏஆரைச் சேர்த்துப் பாருங்கள். 300 கேவிஏஆருக்கு 5.8 வரும். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் வாரியத்தின் லைன் பக்க இம்பிடன்ஸைச் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் ரெசனன்ஸ் இன்னும் சற்றுக் கீழே இறங்கும், அதாவது எல்லாவற்றிலும் பெரிய ஐந்தாவதை நோக்கி. தலைவலி போய்த் திருகுவலி வரும். அந்த லைன் பக்க அளவு ஊருக்கு ஊர், ஃபீடருக்கு ஃபீடர் மாறும். உங்கள் சப்ஸ்டேஷனில் ஃபால்ட் லெவல் (அங்கே உள்ள ஷார்ட் சர்க்யூட் அளவு) கேட்டு வாங்கினால்தான் கணக்கு துல்லியமாகும். அதனால் 7.07 என்பதை அறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 6.7லிருந்து 7க்குள் எங்கோ என்று வையுங்கள். எட்டாவது ஸ்டெப் செத்துப்போய் ஏழு மட்டும் ஓடும்போது, லைனைச் சேர்க்காத அதே கணக்கில், எண் 7.6க்கு நகர்கிறது. ஒரு கெப்பாசிட்டர் வெடித்ததும் சில வாரம் அமைதியாக இருக்கிறது, புதிதாக மாட்டியதும் திரும்பவும் ஆரம்பிக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு எனக்குத் தெரிந்த இயல்பான விளக்கம் இதுதான்.

ஊகத்தை உறுதியாக்க ஒரு சோதனை உண்டு, பெரிய கருவி வேண்டாம். ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டர் ஒன்று எடுங்கள். சாதாரண மலிவு மீட்டர் இந்த மாதிரி அலைவடிவத்தில் குறைத்துக் காட்டும், அதை நம்ப முடியாது. 440 வோல்ட்டில் 25 கேவிஏஆர் கெப்பாசிட்டரின் கணக்குக் கரண்ட் 33 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. இப்படிப்பட்ட கெப்பாசிட்டர் தரநிலைகளில் அதன் 1.3 மடங்கு வரைதான் தாங்க வேண்டும் என்று இருக்கிறது, அதாவது சுமார் 43 ஆம்பியர். காலை ஐஸ் எடுக்கும் நேரத்தில், மூன்று கம்ப்ரசரும் ஓட, எட்டு ஸ்டெப்பும் உள்ளே இருக்க, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் மூன்று ஃபேஸிலும் மாட்டிப் பாருங்கள். 33க்குப் பதில் 45, 50 என்று காட்டினால் ரெசனன்ஸ்தான். பிறகு கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு ஸ்டெப்பை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள். மீதியிருக்கும் கெப்பாசிட்டரின் கரண்ட் 50லிருந்து சட்டென்று 36க்கு இறங்கும் இடம் ஒன்று வரும். அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்கே முழுப் படமும் புரிந்துவிடும். மாறாக, எந்த ஸ்டெப்பிலும் 33, 34ஐத் தாண்டவில்லை என்றால் நான் சொன்ன விளக்கம் தவறு. அப்போது பேனலின் வெப்பம், தளர்ந்த லக், அடிக்கடி மூடித் திறக்கும் காண்டாக்டர், இரவில் ஏறும் வோல்டேஜ் என்று வேறு வழியில் தேட வேண்டும். உங்கள் ஊரில் உப்புக்காற்றால் லக்கும் பஸ்பாரும் பச்சை பூத்து, இணைப்பு சூடேறிக் கெப்பாசிட்டரைக் கொல்வதும் நடக்கிறது. கை வைக்கும் முன் மெயினை அணைத்து, குறைந்தது ஐந்து நிமிடம் விட்டு, டெர்மினலில் வோல்டேஜ் இல்லை என்று மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்து கிடக்கும் கெப்பாசிட்டர் ஆளை அடித்துவிடும்.

சோதனையில் ரெசனன்ஸ் என்று தெரிந்தால், பணமில்லாமல் இன்றே செய்யக்கூடியது கெப்பாசிட்டரைக் குறைப்பதுதான். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. கம்ப்ரசர் மோட்டார் நேரடியாக ஓடியபோது அதன் பவர் ஃபேக்டர் 0.8 மாதிரி இருந்திருக்கும், அதைத் தூக்க 200 கேவிஏஆர் வேண்டியிருந்தது. இப்போது மோட்டாருக்கும் லைனுக்கும் நடுவில் டிரைவ் இருக்கிறது. டயோடு முகப்பு இழுக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வோல்டேஜோடு கிட்டத்தட்ட ஒன்றியே போகும். அந்தப் பங்கின் பவர் ஃபேக்டர் 0.95க்கு மேல். அதாவது மூன்று கம்ப்ரசருக்காக வாங்கிய கெப்பாசிட்டருக்கு இப்போது பெரும்பாலும் வேலையே இல்லை. பம்பு, கண்டன்சர் ஃபேன், பிளேட் ஃப்ரீசர் என்று நேரடியாக ஓடும் மோட்டார்களுக்கு மட்டும் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள், பாதி போதும் என்றுதான் என் எதிர்பார்ப்பு.

அப்படியானால் மீட்டரில் பவர் ஃபேக்டர் ஏன் இன்னும் குறைவாகக் காட்டுகிறது என்று கேட்பீர்கள். அலைவடிவம் கெட்டுப்போனாலே பவர் ஃபேக்டர் குறையும். டிஹெச்டி 80 சதவீதம் என்றால், வேறு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் அது 0.78ஐத் தாண்டாது. 35 சதவீதமாகக் குறைத்தால் 0.94 வரை போகலாம். இந்தக் குறையைக் கெப்பாசிட்டரால் சரிசெய்யவே முடியாது, எத்தனை சேர்த்தாலும் முடியாது. உங்கள் மீட்டர் இந்தக் கெடுதலையும் சேர்த்துக் கணக்கிடுகிறதா, 50 ஹெர்ட்ஸ் பங்கை மட்டும் பார்க்கிறதா என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். எப்படியும் மாதச் சராசரி 0.90க்குக் கீழே போய்விடாமல் பார்த்துக்கொண்டே ஸ்டெப்பைக் குறையுங்கள், இல்லையென்றால் அதற்குத் தனி அபராதம் வரும்.

அடுத்தது, நான் முதல் செலவாகச் சொல்வது: மூன்று டிரைவுக்கும் லைன் சோக். முதலில் டிரைவின் கையேட்டைப் பாருங்கள், பெரிய டிரைவ்கள் சிலவற்றில் டிசி சோக் உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் உள்ளீட்டில் 3 முதல் 5 சதவீத ஏசி சோக் போடுங்கள். செம்பும் இரும்பும் மட்டுமே கொண்ட பொருள், அதில் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. 80 சதவீத டிஹெச்டி இதனாலேயே 35, 40க்கு இறங்கிவிடும். 100 ஆம்பியர் டிரைவுக்கு 3 சதவீதம் என்றால் ஒரு ஃபேஸுக்குச் சுமார் 0.23 மில்லிஹென்றி. விலைப்புள்ளி கேட்கும்போது இந்த எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள், "100 ஆம்பியர் சோக்" என்று மட்டும் கேட்டால் கையில் இருக்கும் ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். கூடவே, மின்னல், ஸ்விட்சிங் சமயத்தில் வரும் வோல்டேஜ் அதிர்வுகளிலிருந்து டிரைவின் டயோடுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும்.

மிச்சம் வைத்துக்கொள்ளும் கெப்பாசிட்டருக்கு டீட்யூண்டு ரியாக்டர் போடுங்கள். கெப்பாசிட்டரோடு தொடராக 7 சதவீத ரியாக்டர் சேர்த்தால் அந்தக் கூட்டின் ரெசனன்ஸ் 189 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். 250 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் அது கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளாது, எனவே ஐந்து, ஏழு எதோடும் சேர்ந்து ஆடாது. மூன்றாவது ஹார்மோனிக் கனமாக இருக்கும் இடங்களில் 14 சதவீதம் கேட்பார்கள், அதன் ரெசனன்ஸ் 134 ஹெர்ட்ஸ். உங்கள் லோடு பெரும்பாலும் மூன்று ஃபேஸ் டிரைவ் என்பதால் 7 போதும் என்று நினைக்கிறேன், மூன்றாவது எவ்வளவு என்று அளந்த பிறகு முடிவுசெய்யுங்கள். இதில் இரண்டு இடத்தில் ஆலைகள் வழுக்கி விழுகின்றன. ஒன்று, இருக்கிற 440 வோல்ட் கெப்பாசிட்டரோடு ரியாக்டரைக் கோர்ப்பது. ரியாக்டர் சேர்ந்ததும் கெப்பாசிட்டரின் மேல் வோல்டேஜ் ஏழரை சதவீதம் கூடும், 433 இருந்த இடத்தில் 465 ஆகும். அதனால் 525 வோல்ட் கெப்பாசிட்டர் வேண்டும். 525 வோல்ட்டில் 25 கேவிஏஆர் என்று எழுதியிருப்பது உங்கள் வோல்டேஜில் ரியாக்டரோடு சுமார் 18தான் தரும், அதற்கேற்ப எண்ணிக்கையைப் போடுங்கள். மற்றொன்று, பாதி ஸ்டெப்புக்கு ரியாக்டர், பாதி சும்மா என்று ஒரே பஸ்பாரில் கலப்பது. சும்மா இருப்பவை பழையபடியே ரெசனன்ஸுக்குப் போகும், செலவழித்ததும் வீண்.

இதையெல்லாம் செய்தபின் ஃபில்டரைப் பற்றி யோசியுங்கள். ஆக்டிவ் ஃபில்டர் நல்ல கருவி. லைனில் ஓடும் ஹார்மோனிக் கரண்டை அளந்து, அதற்கு நேர் எதிரானதைத் தானே செலுத்தி அழிக்கும். ஆனால் அதை ஆம்பியர் கணக்கில் வாங்க வேண்டும். டிரைவ்கள் 50 ஹெர்ட்ஸில் மொத்தம் 300 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 75 சதவீத டிஹெச்டிக்கு அழிக்க வேண்டியது 225 ஆம்பியர். சோக் போட்டு 35க்கு வந்துவிட்டால் 105 ஆம்பியர்தான். விலையும் அதற்கேற்ப இறங்கும். சோக் இல்லாமல் ஃபில்டரை மட்டும் போட்டால், டிரைவுக்கு அருகிலேயே தாராளமாக ஹார்மோனிக் கரண்ட் கிடைப்பதால் டிரைவ் முன்பைவிட அதிகமாக இழுக்கும். ஃபில்டர் தயாரிப்பவர்களே சோக் கட்டாயம் என்று தங்கள் கையேட்டில் எழுதுவது இதனால்தான். உங்கள் விற்பனையாளர் அதைச் சொல்லாமல் விலை கொடுத்திருந்தால் அந்த விலைப்புள்ளியை ஒதுக்கிவையுங்கள்.

கடற்கரைக்கு என்று ஒரு கவலையும் இருக்கிறது. ஆக்டிவ் ஃபில்டர் ஃபேன் வைத்துக் காற்றை உள்ளே இழுக்கும். மண்டபத்துக் காற்றில் உப்பு, ஐஸ் பிளான்ட் காற்றில் அம்மோனியா. ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியா செம்பை அரிக்கும், உங்கள் குளிர்பதனக் குழாயெல்லாம் இரும்பில் இருப்பது அதற்காகத்தான். சர்க்யூட் போர்டு மெல்லிய செம்புக் கோடுகளால் ஆனது. கம்ப்ரசர் ரூமுக்குள்ளேயோ, ஜன்னல் கடலைப் பார்த்திருக்கும் பேனல் ரூமிலோ அதை வைத்தால் நீண்ட நாள் உழைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூச்சு கொடுத்த போர்டு கேளுங்கள், மூடிய ஏசி ரூமில் வையுங்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். முதலில் சோக், பிறகு ஃபில்டர் என்று நான் வரிசை வைப்பதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம்.

நோட்டீஸ் விஷயம். மத்திய மின்சார ஆணையத்தின் 2007ஆம் வருட கிரிட் இணைப்பு விதிகள்தான் இதற்கு அடிப்படை. இணைப்புப் புள்ளியில் வோல்டேஜ் டிஹெச்டி 5 சதவீதம், தனி ஹார்மோனிக் எதுவும் 3 சதவீதம், கரண்ட் 8 சதவீதம் என்பவை அதில் முதலில் இருந்த வரம்புகள். 2019 திருத்தம் அந்த இடத்தில் ஐஇஇஇ 519 என்ற சர்வதேசத் தரநிலையைப் பின்பற்றச் சொல்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகள், வரம்பு மீறும் ஹெச்.டி. நுகர்வோர் கட்டணத்தில் 15 சதவீதம் இழப்பீடாகத் தர வேண்டும் என்கின்றன. அதே ஆணைகளில், சரிசெய்துகொள்ள மூன்று மாத அவகாசம் தர வேண்டும், அளவீட்டை நுகர்வோர் அல்லது அவருடைய பிரதிநிதி முன்னிலையில் செய்ய வேண்டும், வரம்புக்குள் வந்ததும் இழப்பீட்டை நிறுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் நோட்டீஸில் எந்த ஆணை, எந்தத் தேதி என்று குறிப்பிட்டிருப்பார்கள், அந்த ஆணையை எடுத்து வரிக்கு வரி படியுங்கள். அளந்த அன்று உங்கள் ஆள் இருந்தாரா, அறிக்கையில் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்போது அளந்தார்கள் என்பதும் முக்கியம், இதை இராமநாதபுரத்துக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஐஸும் போகாது. அந்த நாட்களில் ஒரு கம்ப்ரசர் குறைந்த வேகத்தில் ஓடும்போது அளந்தால் டிஹெச்டி சதவீதம் பயங்கரமாகத் தெரியும். ஏனென்றால் டிஹெச்டி அந்த நேரத்து 50 ஹெர்ட்ஸ் கரண்டோடு ஒப்பிடுகிறது, அந்தக் கரண்டே சிறியது. லைனுக்குள் போகும் ஹார்மோனிக் ஆம்பியர் உண்மையில் குறைவுதான். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் ஐஇஇஇ 519 தரநிலை, அதிகபட்ச டிமாண்ட் கரண்டோடு ஒப்பிடும் டிடிடி என்ற அளவை வைத்திருக்கிறது. அதோடு ஒரு வாரம் தொடர்ந்து அளந்து, 10 நிமிட மதிப்புகளில் 95 சதவீதம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. வாரியம் இதை ஏற்குமா என்பது அந்தந்த ஆணையின் சொற்களைப் பொறுத்தது, நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனாலும் உங்கள் தரப்பில் ஒரு வார அளவீடு கையில் இருந்தால் பேசுவதற்கு ஆதாரம் இருக்கும். சீசன் சூடாக ஓடும் வாரத்தில், கிளாஸ் ஏ (துல்லியம் அதிகமான வகை) கருவியால், ஹெச்.டி. மீட்டரிங் இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். தடைக்காலத்தில் இன்னொன்றும் செய்யுங்கள்: பேனலை மேனுவலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லோடு இல்லாமல் கெப்பாசிட்டர் மட்டும் லைனில் நின்றால் வோல்டேஜ் ஏறும், பவர் ஃபேக்டர் மறுபக்கம் சாயும்.

கமுதி சோலார் பற்றி. 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையம் அது, அதன் மின்சாரம் 400 கேவி சப்ஸ்டேஷன் வழியாக வெளியேறுகிறது. உங்கள் பஸ்பாருக்கும் அதற்கும் இடையில் பல டிரான்ஸ்ஃபார்மர்கள். உங்கள் கெப்பாசிட்டர் டிரைவ் போட்ட பிறகே வெடிக்க ஆரம்பித்ததால், காரணம் உள்ளேதான் என்று நினைக்கிறேன். அதற்காக, வெளியிலிருந்து ஹார்மோனிக்ஸ் வரவே வராது என்று சொல்லவில்லை. உங்கள் ஃபீடரிலேயே இருக்கும் வேறு ஆலையின் டிரைவ்களும் வோல்டேஜைக் கெடுக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு இரவு கம்ப்ரசர், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, விளக்கு மட்டும் எரியும்போது வோல்டேஜ் டிஹெச்டி எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றரை, இரண்டு சதவீதம் காட்டினால் சாதாரணம். நான்கைத் தொட்டால் வாரியத்துக்கு எழுதுங்கள், அந்த எண்ணோடு எழுதுங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஜெனரேட்டரின் உள் இம்பிடன்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைவிடப் பல மடங்கு. அதே டிரைவ் அதே கரண்ட் இழுத்தாலும் வோல்டேஜ் அங்கே அதிகம் கெடும், ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி) தடுமாறும். ஜெனரேட்டருக்கு மாறும்போது கெப்பாசிட்டர் பேங்க் தானாகவே கழன்றுகொள்ள இண்டர்லாக் போட்டுவிடுங்கள், கம்ப்ரசரை ஒன்றன்பின் ஒன்றாக எடுங்கள்.

பேனலைப் பார்க்காமல், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னது இது. டிரான்ஸ்ஃபார்மர் பெயர்ப்பலகையில் உள்ள இம்பிடன்ஸ், ஒவ்வொரு டிரைவின் கிலோவாட்டும் உள்ளே சோக் இருக்கிறதா என்பதும், எட்டு ஸ்டெப்பிலும் ஸ்டெப்பாக எடுத்த கெப்பாசிட்டர் கரண்ட் இவற்றை இங்கேயே பதிவிடுங்கள். சோக்கும் ரியாக்டரும் என்ன அளவு என்று எண்ணோடு சொல்கிறேன். அதுவரை எட்டாவது ஸ்டெப்பின் ஃப்யூஸைக் கழற்றி வையுங்கள்.